இந்த வரியை மாற்றவும்

கோப்பர் துறைமுகத்தில் கிரேன்கள் நின்றுபோன வாரம்.
புர்யா வீசினால் அப்படித்தான்,
கன்டெய்னர்கள் கிடந்த இடத்திலேயே கிடக்கும்,
எங்களுக்கும் கொஞ்சம் மூச்சு கிடைக்கும்.
அந்த மூன்று நாளில் செய்தேன் அதை:
ஒரு வெற்று ப்ராஜெக்ட்.

வெற்று என்று சொல்வதுதான், உள்ளே எல்லாம் உண்டு.
உள்நுழையும் வழி,
டேட்டாபேஸுக்குக் கதவு, கதவுக்குப் பூட்டு,
சாவி யாரிடம் என்று சொல்லும் ஒரு கோப்பு.
அப்புறம் ஒரே ஒரு சோதனை:
ஒன்றும் ஒன்றும் இரண்டா?
பச்சை விளக்கு எரிந்தது.
"இதிலாவது தேறுவோம்" என்றாள் தடேயா.

முன்பு ஒன்றைத் தொடங்கப் பதினோரு நாள்.
லியுப்லியானாவிலிருந்து கையெழுத்து வரவேண்டும்,
எவரோ எழுதிய பழையதை நகலெடுத்து
பெயர் மாற்றி
மாற்ற மறந்த இடங்களில் தடுக்கி விழவேண்டும்.
இப்போது ஒரே கட்டளை.
காபி இறங்கி முடிவதற்குள்
எழுந்து நிற்கும் ஒரு சர்வீஸ்.

யெர்னெய் வந்து கேட்டான்,
செய்தி வரிசையையும் உள்ளே வை என்று.
வைத்தால் அவனுக்கு ஒரு மதியம் மிச்சம்,
மற்ற நாற்பது பேரும் அதை அழிக்கவேண்டும்.
அழிக்கமாட்டார்கள்.
பன்னிரண்டு வருட வேலையில் நான் உறுதியாய் அறிந்தது இது ஒன்றே,
யாரும் எதையும் அழிப்பதில்லை.
பாலில் விட்ட உறைமோரைத்
திரும்ப எடுத்தவர் உண்டா?

மூன்றாம் நாள் இரவு
மாதிரி வாடிக்கையாளர் அட்டவணை மட்டும் காலி.
ஒரு பெயர் வேண்டும்: லுட்விக் ப்ராஸ்னிக்.
ப்ராஸன் என்றால் எங்கள் பேச்சில் வெறுமை,
சிரிப்பார்கள் என்று நினைத்தேன்.
முகவரி?
அந்த மார்ச்சில்தான் ஒரு வீட்டைக் காலி செய்திருந்தேன்,
கித்ரிச்சேவா தெரு, மூன்றாம் மாடி.
விரல்களுக்கு வேறெதுவும் நினைவில்லை.
மேலே ஒரு குறிப்பு எழுதினேன்:
இந்த வரியை மாற்றவும்.

இரண்டு வருடத்தில் அறுபத்து மூன்று சர்வீஸ்கள்.

நவம்பரில் ஒருத்தி வரவேற்பறையில் நின்றாள்,
மருத்துவமனைச் சீருடை, நனைந்த முடி,
ரப்பர் வளையம் போட்ட உறைக் கட்டு.
"ப்ராஸ்னிக் என்று எங்கள் கட்டடத்தில் யாருமில்லை.
பதினான்கு கன்டெய்னருக்குத் தாமதக் கட்டணமாம்,
வட்டி வேறு ஏறுகிறது.
முதல் கடிதத்தைத் திருப்பி அனுப்பினேன்.
பிறகு பாவமாக இருந்தது, எடுத்து வைத்தேன்."
கொஞ்சம் தயங்கி,
"அவர் நன்றாக இருக்கிறாரா?"

தேடினோம்.
பத்தொன்பது இடங்களில் இருந்தார்.
ஒன்றில் அவருக்குப் பிறந்தநாள் வைத்திருந்தார்கள்,
ஒன்றில் தொலைபேசி எண்,
யெர்னெயிடம் நிரந்தர வாடிக்கையாளர்,
இரண்டு சதவீதத் தள்ளுபடியோடு.
குறிப்பும் கூடவே இருந்தது
பத்தொன்பதிலும், ஒரு எழுத்து பிசகாமல்.

புதிய பதிப்பில் பெயர் இல்லை, முகவரி இல்லை.
அந்த இடத்தை நிரப்பாவிட்டால்
பச்சை எரியாது, எதுவும் எழுந்து நிற்காது.
முதல் நாளே புகார் வந்தது,
காபி ஆறிப்போகிறதாம்.

ரத்துக் கடிதத்தை நானே கொண்டுபோனேன்.
நெவென்கா கதவைத் திறந்தாள்.
அன்றும் புர்யா.
சமையலறை ஜன்னல் சத்தமில்லாமல் இருந்தது.
கேட்டுவிட்டேன்:
"விசிலடிக்குமே, இப்போது இல்லையா?"

அவள் என்னைப் பார்த்தாள், பிறகு ஜன்னலை.
கீழ் இடுக்கில், இரண்டாய் மடித்த
ஒரு தீப்பெட்டி அட்டை,
வெயிலில் வெளுத்து.

"இது நீங்கள் வைத்ததா?
நான் எடுக்கவே இல்லை."